பிலாவிலைக் குணுக்கு

மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் ஒருநாள் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். முன் சீட்டில் அவளுக்கு மாமா முறை ஆள் ஒருவர், உடம்பைத் திருப்பி வைத்துக்கொண்டு அவளிடம் பேசிக்கொண்டே வந்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். விளையாட்டு உண்டாக்குகிற படிப்பு என்று அவள் சொன்னாள். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆடுகிறார்களே, அந்த மாதிரி. எந்த விதி வைத்தால் ஆள் இருந்து ஆடுவான், எந்த விதி வைத்தால் எழும்பிப் போவான் என்பதையெல்லாம் அதில் சொல்லிக் கொடுப்பார்களாம்.

அவர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். "வெளையாட்டுக்கு எதுக்கு மக்கா படிப்பு? கோலி உருட்டினவன் எல்லாம் காலேஜுக்குப் போய்ட்டா உருட்டினான்?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் வெளி ஆட்களிடம் எனக்கு வாய் வராது. சின்னதிலிருந்தே அப்படித்தான். கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்லவே எச்சில் விழுங்குவேன். ஸ்டாப் வந்தது, இறங்கிவிட்டேன். சொல்லாமல் விட்டது நெஞ்சுக்குள் கிடந்து உருண்டுகொண்டே இருந்தது.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். இருந்தாலும் ஒரு விளையாட்டை நானும் உண்டாக்கியிருக்கிறேன். முதலில் தப்பாக உண்டாக்கினேன், அது கவிழ்ந்தது. பிறகு சரியாக உண்டாக்கினேன். ஒரு மனுசன் திரும்ப வலது கையால் சாப்பிடுவாரா இல்லையா என்பது அந்த விளையாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ரப்பர் மரம் வெட்டுகிற வேலை. வெட்டு என்றால் மரத்தைச் சாய்ப்பதில்லை. பட்டையில் நூல் கனத்துக்கு ஒரு சீவல் எடுத்து, வழிகிற பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடிக்கிறது. அருமனைப் பக்கம் பல தோட்டங்களில் வெட்டினார். பிறகு வீட்டைச் சுற்றி எங்களுக்கென்று இருந்த கொஞ்சம் மரத்தில் வெட்டினார். கத்தி மரத்தில் போகிற சத்தமே கேட்காது, அவ்வளவு நேர்த்தியான கை.

மத்தியானத்துக்கு மேல் அவரை ஜங்ஷனில்தான் பார்க்கலாம். சீட்டுக்களி. களி என்றால் எங்கள் பேச்சில் விளையாட்டு. இருபத்தெட்டு என்று எங்கள் பக்கத்தில் ஆண்கள் ஆடுகிற ஆட்டம். காசு வைக்க மாட்டார்கள், தோற்றவன் காதில் குணுக்கு போடுவார்கள். பலாவை நாங்கள் பிலா என்போம். பிலா இலையைச் சுருட்டி, தென்னை ஈர்க்கால் குத்தி, கம்மல் மாதிரி காதில் தொங்க விட வேண்டும். அடுத்த ஆட்டம் ஜெயிக்கிற வரைக்கும் கழற்றக் கூடாது. மீசை வைத்த பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இலையைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருப்பார்கள். இவர் காதில் நான் அதிகம் பார்த்ததில்லை. யார் கையில் எந்தச் சீட்டு மிச்சம் என்று எண்ணி எண்ணி ஆடுகிறவர்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து, எழும்பி, கம்பை ஊன்றி நடக்கிற அளவுக்குக் கால் வந்தது. பேச்சும் கொஞ்சம் வழுக்கினாலும் வந்தது. கை மட்டும் வரவில்லை. நண்டுக் கால் மாதிரி உள்ளே மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

வலி கூட அவருக்குப் பெரிதில்லை. சாப்பாடுதான் பெரிதாக இருந்தது. இடது கையால் சோறு தின்னுவதை நாலு பேர் பார்ப்பதா? நான் ஊட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். கடைசியில் கரண்டியை இடது கையில் பிடிக்கச் சம்மதித்தார். ஆனால் அவர் சாப்பிடுகிற நேரம் முன்கதவு சாத்தியிருக்க வேண்டும், ஜன்னலும் சாத்தியிருக்க வேண்டும். வாசலில் யாராவது "அண்ணே" என்று கூப்பிட்டால் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். கல்யாண வீடுகளுக்குப் போவது நின்றது. ஜங்ஷனும் நின்றது. சீட்டுக்காரர்கள் ஒருமுறை வந்து கூப்பிட்டார்கள். தூங்குகிறார் என்று நான் சொன்னேன், அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டுக்குள் அவர் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். நல்ல பிள்ளை. அவள் என்னைத் தனியாக அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, கால் நடந்து நடந்து தன்னால சரியாயிடும். கை அப்படி இல்ல. எல்லாத்தையும் இடது கையே செஞ்சு குடுத்துட்டா வலது கை மறந்துரும். இந்தக் கொஞ்ச மாசந்தான் நமக்கு. அதுக்குள்ள பழகணும். இல்லன்னா விரல் மடங்கினது மடங்கினபடி நின்னுரும்."

அழுத்திப் பழக ஒரு மஞ்சள் பந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவள் முன்னால் அழுத்துவார். அவள் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் பந்து மூலைக்குப் போகும்.

"அந்தப் பிள்ளை செய்யச் சொல்லிச்சே," என்பேன்.

"நான் என்ன தொட்டில்ல கிடக்க பிள்ளையா? பந்து தந்துட்டுப் போறா, பந்து."

எனக்கு வாதாடத் தெரியாது. பந்தை எடுத்துத் துடைத்து மறுபடி கட்டிலில் வைப்பேன். அது மறுபடி மூலைக்குப் போகும்.

எங்கள் மரங்களை அப்போது வேறொருவர் வந்து வெட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒட்டுப்பாலை ஒரு பக்கெட்டில் போட்டு வீட்டு முன்பக்கத்துச் சிட் அவுட்டில் வைத்துவிட்டுப் போவார். ஒட்டுப்பால் என்றால், வெட்டின கீறலில் முந்தின நாள் காய்ந்து ஒட்டிக் கிடக்கிற ரப்பர். உரித்தால் நாடா மாதிரி நீளமாக வரும். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். எங்கள் ஆட்களுக்கு அது நாற்றமாகத் தெரியாது.

ஒருநாள் நான் கதவுக்கு உள்ளே நின்று பார்க்கிறேன். இவர் சிட் அவுட்டில் நாற்காலியில் இருந்து, பக்கெட்டிலிருந்து ஒரு நாடாவை எடுத்து இடது கையால் சுற்றிக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் ரப்பர்க்காட்டுப் பிள்ளைகள் எல்லாம் செய்கிற வேலைதான் அது, சுற்றிச் சுற்றிப் பந்து செய்வது. சுற்றுவதற்கு ஒரு கை போதாதே. வலது கையைத் தொடையில் வைத்து, அந்த மடங்கின விரல்களுக்கு நடுவே உருண்டையைச் செருகி வைத்திருந்தார். உருண்டை நழுவ நழுவ விரல் தானாக இறுக்கிப் பிடித்தது. எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. கண் ரோட்டில் போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டேன். எனக்குத் தட்டாங்கல் ஞாபகம் வந்தது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மழை பெய்தால் வெட்டு கிடையாது. அப்பாவுக்கு வேலை கிடையாது என்பதால் வீட்டில் முகம் எல்லாம் ஒரு மாதிரி இருக்கும். நாங்கள் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைக்கு ஓடிவிடுவோம். தகரத்தின் மேலே மழை. உள்ளே ரோலர், புளித்த பால் வாசம், காயப்போட்ட ஷீட்டுகளின் அடியில் காய்ந்த மண் தரை. பெரியம்மா மகள் ஒரு அக்கா உண்டு, என்னைவிட மூத்தவள். அவளும் நானும் தட்டாங்கல் ஆடுவோம். ஒரு கல்லை மேலே எறிந்து, அது வருவதற்குள் கீழே கிடப்பதில் ஒன்றை எடுக்க வேண்டும். அது கை பழகினதும் இரண்டு இரண்டாக. பிறகு மூன்று. பிறகு எல்லாவற்றையும் ஒரே வாரலில். ஒவ்வொரு படியும் முந்தினதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் பாடு. நான் கை பழக வேண்டும் என்று ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அக்காவை ஜெயிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை அதுவாகப் பழகிக்கொண்டது.

அந்த மஞ்சள் பந்தில் ஜெயிக்க ஒன்றும் இல்லை. அதுதான் அதன் குறை.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். பழைய பால் சிரட்டைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கழுவினேன். ஒட்டுப்பாலை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினேன். உருண்டை பிசுபிசு என்று விரலில் ஒட்டும், நழுவாது. சிட் அவுட்டில் பெஞ்சைப் போட்டு, சாக்கை நாலாக மடித்து விரித்து, ஆளுக்கு மூன்று சிரட்டை, சிரட்டைக்கு மூன்று உருண்டை. பல்லாங்குழியைத்தான் சின்னதாக்கினேன். ஒரு சிரட்டையில் இருப்பதை அள்ளி, அடுத்தடுத்த சிரட்டையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த சிரட்டையை அள்ள வேண்டும். அடுத்தது வெறுமையாக இருந்தால், அதைத் தாண்டி இருக்கிறது நமக்கு. அள்ளுவதும், விரலைத் திறந்து ஒவ்வொன்றாக விடுவதும். அந்தப் பிள்ளை செய்யச் சொன்னதும் அதுதானே.

"வலது கையாலதான் ஆடணும்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் சிரட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பொம்பளையள் களி."

"ஒரு தடவை ஆடிப் பாருங்க."

மழை தூறிக்கொண்டிருந்தது, செய்ய வேறு ஒன்றும் இல்லை. ஆடினார். ஒரு உருண்டையை எடுக்க அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. தோள் தூக்கும், வாய் கோணும், நெற்றியில் வியர்க்கும். எனக்கு மனசு தாங்கவில்லை. அதனால் நான் ஒன்று செய்தேன். ஜெயிக்கிற சிரட்டையை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். அவர் ஜெயித்தார். அடுத்ததும் அவர் ஜெயித்தார். மறுநாளும் அவரே ஜெயித்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். முதல் நாள் கொஞ்சம் வந்தது. பிறகு வரவில்லை.

நாலாவதோ அஞ்சாவதோ ஆட்டத்தில் நான் கை நீட்டும்போது, "நில்லு" என்றார்.

"என்ன?"

"அந்தச் சிரட்டையை எடுத்தா உனக்கு கடைசியில உள்ளது முழுசும் கிட்டும். நீ அதை விட்டுட்டு இதை எடுக்க."

"எனக்கு அவ்வளவு கணக்கு தெரியாது."

"எனக்கு தெரியும். சீட்டு எண்ணி ஆடினவனாக்கும் நான். நேத்தும் நீ இதைத்தான் செஞ்ச, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." பேச்சு வழுக்கியது, நிறுத்தி மறுபடி சொன்னார். "என்னை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிட்ட, இல்லியா?"

ஒப்புக்குச் சப்பாணி என்பது பிள்ளைகள் விளையாட்டில் உள்ள பேர். ரொம்பச் சின்னதாக ஒரு பிள்ளை நானும் வருவேன் என்று அழுதால், சரி வா என்று சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடும், சிரிக்கும். ஆனால் அது பிடித்தால் பிடித்ததில்லை, அவுட்டானால் அவுட்டில்லை. அந்தப் பிள்ளைக்கு மட்டும் அது தெரியாது.

இவருக்குத் தெரிந்துவிட்டது. சாக்கைப் பிடித்து இழுத்தார். சிரட்டை எல்லாம் படியில் உருண்டு முற்றத்து மழையில் போய் விழுந்தது.

அதற்குப் பிறகு ஆடவில்லை. பந்தும் இல்லை, சிரட்டையும் இல்லை. பயிற்சிக்காரப் பிள்ளை வந்து விரலை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் சொன்ன மாசங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் கதவைச் சாத்துவேன், சோறு வைப்பேன், திறப்பேன்.

அப்போதெல்லாம் அடுப்பங்கரையில் நின்று அந்த அக்காவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. வாயும் பொல்லாதது. "ஏட்டி, நீ ஆடுறியா, இல்ல கோழிக்குத் தீனி போடுறியா?" என்பாள். நான் எவ்வளவோ தோற்றிருக்கிறேன். ஆனால் மழை பெய்தால் முதலில் ஓடுவதும் நான்தான். தோற்பதற்கு யாராவது ஓடுவார்களா? ஏன் ஓடினேன்?

தட்டாங்கல் போக அவளோடு பல்லாங்குழியும் ஆடுவேன். அதில் ஒரு பொல்லாத குணம் உண்டு. தோற்றவள் அடுத்த ஆட்டத்துக்குத் தன் குழிகளை நிரப்பக் காய் இல்லாமல் போவாள். நிரப்ப முடியாத குழி மூடிப் போகும். குழி குறைந்தால் இன்னும் தோற்பாள். நொடிந்தவன் மேலும் மேலும் நொடிந்துகொண்டே போவான் என்கிற மாதிரி. அப்படியே விட்டிருந்தால் அந்த விளையாட்டை யாரும் இரண்டாம் நாள் ஆடியிருக்க மாட்டார்கள். ஆனால் எப்போதோ யாரோ யோசித்து அதற்குள் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாத அளவுக்கு ஒருத்தி ஒடுங்கிவிட்டால், கஞ்சி காய்ச்சுகிற ஆட்டம். மிச்சம் இருக்கிற கொஞ்சம் காயைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். ஜெயித்தவளும் அவள் பக்கத்தில் குழிக்கு ஒன்றுதான் போட வேண்டும். பிச்சை இல்லை அது, விதி. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றைக் காய்களை வைத்து ஒரு மழைநாளில் நான் அக்காவின் ஏழு குழியையும் வாங்கியிருக்கிறேன். அவள் முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அப்போதுதான் எனக்கு வெளித்தது. இரக்கத்தை ஆடுகிற ஆள் காட்டக்கூடாது, விதிக்குள் வைக்க வேண்டும். விதி காட்டினால் யாருக்கும் தலை குனியாது.

முற்றத்திலிருந்து சிரட்டைகளைப் பொறுக்கி வந்து மறுபடி பெஞ்சில் வைத்தேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். நான் என் முந்தானையை வலது கையில் சுற்றிக் கட்டிக்கொண்டு எதிரே இருந்தேன்.

"அது என்ன கட்டு?"

"நான் இனிமே இடது கையாலதான் ஆடுவேன். எனக்கு இடது கை வராது. அள்ளும்போதோ போடும்போதோ சிரட்டைக்கு வெளியே ஒரு உருண்டை விழுந்தா, அது எதிராளிக்கு. உங்களுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். விட்டுக்கொடுக்க மாட்டேன். நெஜமாட்டு சொல்லுதேன்."

வாழ்க்கையில் அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசினது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவர் கொஞ்ச நேரம் சிரட்டைகளையே பார்த்தார். உள்ளே எண்ணுகிறார் என்று தெரிந்தது.

"தோத்தா என்ன?"

"என்ன?"

"இருபத்தெட்டுல தோத்தா குணுக்கு. இதுல தோத்தா என்ன? ஒண்ணும் இல்லாத களி என்ன களி?"

நான் எழும்பிப் போய் முற்றத்துப் பிலாவிலிருந்து இரண்டு இலையும், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கும் எடுத்து வந்து பெஞ்சு ஓரத்தில் வைத்தேன். வைத்துவிட்டு இதையும் சொன்னேன், எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

"ஜெயிச்ச ஆள்தான் தோத்த ஆளுக்குப் போட்டு விடணும். ஆடின அதே கையால."

முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். என் இடது கை நடுங்கினாலும் அவர் கையைவிட அது பரவாயில்லை. அவர் காதில் இலையை மாட்டினேன். அடுத்த ஆட்டமும் நான்தான். சாயங்காலம் வரை ஆடினோம். குணுக்கோடு இருந்தார். மறுநாள் காலையில் நான் முற்றம் பெருக்கும்போது சிட் அவுட்டிலிருந்து குரல் வந்தது.

"எங்க அந்தச் சிரட்டை?"

அந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

அவருக்கு எண்ணத் தெரியும், எனக்குக் கை வரும். அப்படித்தான் அது தராசில் நிறுத்தாற்போல சமமாக நின்றது. யார் ஜெயிப்பார் என்று கடைசி உருண்டை வரைக்கும் தெரியாது. அவர் உருண்டையைத் தவறவிடுவது குறையக் குறைய, என் பாடு திண்டாட்டமானது. ஒருநாள் அவர் ஜெயித்தார். சந்தேகத்துக்கு இடமில்லாமல், நான் பல்லைக் கடித்து ஆடியும், ஜெயித்தார்.

"தலையை இங்கோட்டு காட்டு."

குணுக்கை என் காதில் மாட்டுவது சிரட்டையில் உருண்டை போடுகிற மாதிரி இல்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும். இலை விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. என் காதைப் பிடித்து இழுத்தார், வலித்தது, நான் அசையவில்லை. முன்னால் ரோடு. எனக்கு வெட்கமாக வந்தது. அந்த வயதில் பட்டப்பகலில் வீட்டுக்காரர் என் காதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். கடைசியில் இலை நின்றது. அவர் கையை எடுத்துவிட்டு, எதையோ பெரிதாக வெட்டி முடித்த மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

"கழத்தாத. வெளியே போனாலும் கழத்தாத. களின்னா களி."

காதில் இலை இருப்பதை நான் மறந்துபோனேன். மறந்துபோய் அப்படியே ரோட்டுக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். கூட்டத்தில் தலை நிமிராத ஆள் நான். அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். அடுத்த வீட்டுக்காரி, வாயில் பூட்டே கிடையாதவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மைனி, காதுல என்ன, புது டிசைனா? அண்ணன் வாங்கித் தந்ததா?"

நான் கையைக் காதுக்குக் கொண்டுபோனேன். பிறகு கழற்றக்கூடாது என்பது ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டேன்.

"ஆமா," என்றேன். "அவருதான் போட்டுவிட்டாரு. வலது கையால."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். குடத்தைக் கீழே வைத்து, "வலது கையாலயா?" என்று மெல்லக் கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் உருண்டையைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தேன். சிரட்டையைக் கூட்டிக்கொண்டே வந்தேன். ஒட்டுப்பால் உருண்டை போய் ரப்பர்க்கொட்டை வந்தது. அது வழவழ என்று இருக்கும், பிடி நழுவும். திட்டுவார், ஆனால் விட மாட்டார். ரொம்ப லேசாக இருந்தால் அவருக்குச் சலித்துச் சடைப்பு வந்துவிடும், ரொம்பப் பாடாக இருந்தால் சாக்கை இழுத்துவிடுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடம் உண்டு. அந்த இடம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். பயிற்சிக்காரப் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, அவளே ஒரு விதியும் சேர்த்தாள். அள்ளும்போது முழங்கை பெஞ்சைத் தொடக்கூடாது. தொட்டால் ஒரு கொட்டை எதிராளிக்கு. நான் நினைக்காதது அது. அவளையும் ஒரு ஆட்டம் இருக்க வைத்தார். அவள் தோற்று, காதில் இலையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே ஸ்டாப்பை விட்டுவிட்டுப் போகிற ஆட்களைப் பார்க்கிறேன். கலர் கலராகக் கட்டிகளைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சின்ன இடத்தை யாரோ அதில் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் விளையாட்டு மழை விட்டால் முடிந்துவிடும், கை வந்தால் முடிந்துவிடும். அந்தப் போன் விளையாட்டு எப்போது முடியும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. உண்டாக்கத் தெரிந்தவர்கள் யோசித்து உண்டாக்க வேண்டும், ஆடுகிறவர்களும் தங்களை எது பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்து ஆட வேண்டும். அந்தப் பிள்ளையிடம் பஸ்ஸில் சொல்ல நினைத்தது இதுதான். நல்லா படி மக்கா என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

கத்தி பிடிக்கிற அளவுக்கு அவருக்குக் கை வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மரத்தடிக்குப் போய் நின்று, கத்தியைக் கீறலில் வைத்துப் பார்த்துவிட்டு, வெட்ட வருகிறவரிடமே கொடுத்துவிட்டு வந்தார். பிறகு சில வருடம் இருந்தார். இப்போது இல்லை. மழை பெய்து தகரத்தில் சத்தம் கேட்டால் எனக்குக் கொட்டகையும் ஞாபகம் வரும், அந்தப் பெஞ்சும் ஞாபகம் வரும். எது முதலில் என்று சொல்ல முடியாது.

ஆனால் நாங்கள் ஆடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு மத்தியானம். கஞ்சியும் சிறுபயறும் வைத்திருந்தேன். அவர் சிட் அவுட்டில் இருந்தார், ஆட்டம் பாதியில் நின்றது. முந்தின ஆட்டத்தில் தோற்று நான் குணுக்கோடு இருந்தேன். கஞ்சிப் பாத்திரத்தைக் கட்டிலுக்குக் கொண்டுபோகப் போனேன்.

"இங்கயே வை," என்றார்.

பெஞ்சில் குணுக்குக்காகக் கிடந்த இலையில் ஒன்றை எடுத்தார். முன்பெல்லாம் நாங்கள் கஞ்சி குடிப்பது பிலாவிலையில்தான். இலையைக் கூம்பாக மடித்து ஈர்க்கால் குத்தினால் கரண்டி. இடது கையால் மடித்துப் பிடித்தார். வலது கையில் ஈர்க்கு. முதல் குத்து இலையைக் கிழித்தது. அடுத்த இலை. நான் பார்க்காத மாதிரி பயற்றுக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஈர்க்கு உள்ளே போய் மறுபக்கம் வந்தது. முறித்துப் போட்டார். இலையை வலது கைக்கு மாற்றினார்.

நான் பழக்கத்தில் எழும்பி, சிட் அவுட்டின் கம்பிக்கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாண்டாம்."

நின்றேன். இலையால் கஞ்சியைக் கோரி எடுத்தார். வாய்க்குப் போகிற வழியில் பாதி, உடுத்திருந்த சாரத்தில் சிந்தியது. மிச்சம் வாய்க்குப் போனது. மறுபடி கோரினார். ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டுக்காரி ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு வந்தவள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"அண்ணன் கஞ்சி குடிக்கியளா?"

"பாத்தா தெரியலியா? உனக்கு வேணுமா?"

"எனக்கு வேண்டாம். மைனிக்குக் குடுங்க. அவியளுக்கு இலை காதுலயே இருக்கே."

அவருக்குச் சிரிப்பு வந்து கஞ்சி புரைக்கேறியது. நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தட்டுகிற கையை விலக்கிவிட்டு, "முதல்ல ஆட்டத்தை முடி" என்றார், இலை இன்னும் அவர் வலது கையிலேயே இருந்தது.